செப்டம்பரில் முடிகிற வருடம்

சிவகாசியில் வருடம் செப்டம்பர் இருபதாம் தேதியோடு முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் நாட்கள் இருக்கின்றன. புயல் வரும், ஆட்சி கவிழும், தீபாவளி வரும். ஆனால் அவை எந்த டைரியிலும் ஏறுவதில்லை. புது வருடத்து டைரிகள் நவம்பரில் லாரி ஏற வேண்டும். அதற்கு அக்டோபரில் பைண்டிங் முடிய வேண்டும். அதற்குச் செப்டம்பர் இருபதுக்குள் கடைசித் தாள் மெஷினுக்குப் போக வேண்டும். அந்தக் கடைசித் தாளில்தான் 'ஆண்டு நிகழ்வுகள்' என்ற பக்கம் வரும். நாட்டில் அந்த வருடம் நடந்தவை, தேதி வாரியாக, ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. ஜனவரியில் தொடங்கிச் செப்டம்பரில் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கேட்டு இதுவரை எந்த ஊரிலிருந்தும் ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

காசிராஜன் இருபத்தாறு வருடமாக அந்தப் பக்கத்துக்குப் பிழை பார்க்கிறார்.

அன்று இருபதாம் தேதி. காலை பத்து மணிக்கு ப்ரூஃப் அவர் மேசைக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினார். எதிரே இருந்த நாற்காலியில் கீர்த்திகாவின் சாப்பாட்டுப் பை இருந்தது. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிறவள் அவள். மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். வேலைக்கு வந்த முதல் நாளே, காலியாகத்தானே கிடக்கிறது என்று பையை அங்கே வைத்தாள்.

"எழுத்து கண்ணுக்குத் தெரியுதா அண்ணாச்சி?" என்றாள் கீர்த்திகா. "எட்டரை சைசுக்கு இறக்கிட்டேன். அப்பவும் எடம் பத்தல. இந்த வருசம் மாதிரி ஒரு வருசம் வரவே படாது."

"வந்துருச்சே."

மற்ற வருடங்களில் முப்பது வரி தேறாது. விளையாட்டுக் கோப்பைகளையும் புதுப் பாலங்களையும் தேடிப் பிடித்து நிரப்ப வேண்டியிருக்கும். இந்த வருடம் எழுபது வரி வந்து, கழித்துக் கழித்து நாற்பத்தெட்டில் நின்றது. திருவிழா நெரிசல். ரயில் தடம் புரண்டது. மூன்று மாநிலங்களில் வெள்ளம். ஒரு மாநிலத்தில் ஆட்சி கவிழ்ந்து, எழுந்து, மறுபடி கவிழ்ந்தது. மலை சரிந்தது. எல்லையில் துப்பாக்கிச் சூடு. கூட்டணி முறிவு. கூட்டணி. ஒரு தலைவர் மட்டும் மூன்று வரிகளில் இருந்தார். ஜனவரியில் கட்சி மாறினார், ஏப்ரலில் அமைச்சரானார், ஜூலையில் பழைய கட்சிக்கே திரும்பினார்.

"அவருக்கு மூணு வரி" என்றாள் கீர்த்திகா. "மலை சரிஞ்சு எரநூறு பேரு போனதுக்கு ஒரு வரி. நல்லா இருக்கு நியாயம்."

"மலை ஒரு தடவைதான சரிஞ்சுச்சு. அவரு மூணு தடவை சரிஞ்சாரு."

அவள் சிரித்தாள். அவர் ஃபோனில் இருந்த மூலத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். உதடு அசைந்தது. "ஜனவரி பதினொண்ணு, கோலன், கூட்ட நெரிசல், கமா, பத்தொன்பது பேர் உயிரிழப்பு, புள்ளி." பஸ்ஸில் பேப்பர் படிக்கும்போதும் இப்படித்தான் கமாவும் புள்ளியும் வாயில் வந்துவிடுகின்றன. பக்கத்து சீட்டுக்காரர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள்.

பிழை பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சான தாளில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். வாசிப்பவர் எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது. கமா, புள்ளி, பிராக்கெட், பத்தி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மாரித்தாய் பத்தொன்பது வருடம் அப்படி வாசித்தாள்.

அச்சங்குளத்துக்காரி. பன்னிரண்டாவது வரை படித்தவள். கேரளாவுக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை என்று உறுதியான வருடத்தில் பிரஸ்ஸுக்கு வந்தாள். முதல் மாதம் ஏதோ ஒரு வெள்ளச் செய்தியை வாசிக்கும்போது குரல் கம்மியது. காசிராஜன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பிழையை விட்டுவிட்டார். அது அச்சாகி வந்தது. அதன்பிறகு அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கல்யாணப் பத்திரிகையையும் கருமாதிக் கார்டையும் ஒரே குரலில் வாசித்தாள்.

"நான் வருத்தப்பட்டு வாசிச்சா நீங்க பிழைய விட்டுருவீக" என்றாள். "வருத்தம் வேணும்னா அஞ்சு மணிக்கு மேல பட்டுக்கிடுவோம்."

பிழை கண்டால் பிழை என்று சொல்ல மாட்டாள். நிறுத்திவிடுவாள். ஒரு முறை தினசரி காலண்டருக்கு வாசித்துக்கொண்டே வந்தவள், ஜூன் முப்பத்தொன்று என்ற இடத்தில் நின்றாள். மூலத்திலேயே அப்படி இருந்தது. அவர் விரல் அதைத் தாண்டிப் போயிருந்தது. அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள், அவர் விரல் தானாகத் திரும்பி வரும்வரை. நாற்பதாயிரம் காலண்டர் தப்பித்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடத்தில் அவர்கள் தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டது ஒரு பக்கத்துக்குத் தேறாது. காசிராஜனின் மனைவி, மகனுக்குப் பிள்ளை பிறந்ததும் ஆறு மாதம் என்று சொல்லி விருதுநகர் வீட்டிலிருந்து கோவைக்குப் போனவள், நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். அவள் போன மறுநாள் மாரித்தாய் கேட்டாள்.

"ராத்திரிக்கு என்ன செய்வீக அண்ணாச்சி?"

"விருதுநகர்ல ஓட்டலுக்கா பஞ்சம்?"

"பஞ்சம் இல்ல" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

போன வருடம் பிப்ரவரியில் முதலாளி பாண்டிச்செல்வம் மேசைக்கு அருகில் வந்து நின்றார். அப்பாவிடமிருந்து பிரஸ்ஸை வாங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாரித்தாய் ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரை வாசித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, இப்பல்லாம் காப்பியே டைப் ஆகி ஃபோன்ல வந்துருது. வாசிச்சுச் சரிபாக்க என்ன இருக்கு?" என்றார் பாண்டிச்செல்வம். "ஒங்களுக்குத் தொணைக்கு ஆள் வேணுமா? இல்ல, தனியாப் பாத்துக்கிடுவீகளா?"

காசிராஜனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அதற்கு முந்தின மாதம்தான் கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது முதலாளிக்குத் தெரிந்துவிட்டதோ என்று அவருக்குத் தோன்றியது. கேள்வி தன்னைப் பற்றியது என்று நினைத்தார்.

"பாத்துக்கிடுவேன்" என்றார்.

பாண்டிச்செல்வம் தலையாட்டிவிட்டுப் போனார். மாரித்தாய் தாளில் விரல் வைத்து விட்ட இடத்தைத் தேடினாள். "தலைமையாசிரியர் உரை, பத்தி" என்று தொடங்கினாள். ஐந்து மணி வரை வாசித்தாள். ஒரு பிழைகூட இல்லை. ஐந்து மணிக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாறேன் அண்ணாச்சி."

அவள் மாதக் கடைசியோடு நின்றாள். வேறொரு சொல் சொல்லியிருக்கலாம். வேணும் என்று சொல்லியிருக்கலாம். ஆள் வேணும் என்பது இரண்டே சொல்.

ஜூன் மாதம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தார். நகக்கண்களில் வெள்ளிப் பொடி ஏறியிருந்தது. காதோரத்து முடியிலும் மின்னியது.

"பட்டாசுக்கா போறே?"

"வேற எங்க போக? ஊர்ல இருந்து வேன் வருது, ஏறிக்கிட வேண்டியதுதான்." அவள் கையை முந்தானையில் துடைத்தாள். பொடி போகவில்லை. "ரூமுக்கு நாலு பேரு அண்ணாச்சி. பேசப்படாது. வாயத் தொறந்தா போர்மேன் சத்தம் போடுவான். பத்தொம்பது வருசம் வாயத் தொறந்தே சம்பளம் வாங்குனவ, நெனச்சுப் பாருங்க."

"கஷ்டமா இருக்கா?"

"பழகிருச்சு. மனசுக்குள்ள வாசிச்சுக்கிட்டு இருப்பேன். குழாய், கமா, மருந்து, கமா, திரி, புள்ளி." சிரித்தாள். "நீங்க எப்படி, தனியா?"

"பாத்துக்கிடுறேன்."

"கண்ணக் காட்டுங்க மொதல்ல" என்றாள். கண்ணைப் பற்றி அவளிடம் அவர் சொன்னதே இல்லை. அதற்குள் வேன் வந்துவிட்டது.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு அவள் வேலை பார்த்த ஆலையில் அவள் இருந்த அறை உட்பட இரண்டு அறைகள் வெடித்துப் போயின. ஆறு பேர். காசிராஜன் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு அச்சங்குளம் போனார். தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பாண்டிமீனா இன்னும் வந்து சேரவில்லை. வாசலில் ஒரு போலீஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொந்தமா?"

"இல்ல."

"அப்ப?"

"பிரஸ்ல கூட வேலை பாத்தேன்."

"பிரஸ்ஸுக்காரங்க எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க."

அந்தப் பக்கம் கேமராக்காரர்கள் நின்றிருந்தார்கள். அமைச்சர் வருவதாகப் பேசிக்கொண்டார்கள். இடைத்தேர்தல் நேரம். கொடி கட்டிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்தவர்கள் எல்லோரும் யாரையாவது கட்டிப்பிடித்தார்கள். காசிராஜன் கட்டிப்பிடிக்க யாரும் இல்லை. துக்கம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இவருக்கு இவர் இன்னார் என்று இருக்க வேண்டும். இருட்டும்வரை நின்றார். உடலை மூடியே கொண்டுவந்தார்கள், மூடியே கொண்டுபோனார்கள். பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் பேப்பரில் ஆறு பேருடைய பெயர்களும் வந்தன. மாரித்தாய் (35) என்று இருந்தது. அவளுக்கு நாற்பத்தைந்து. சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றைச் சுழித்து ஓரத்தில் நான்கு என்று எழுதினார். எழுதியதை அனுப்புவதற்கு இடம் இல்லை. மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

அவள் இறந்த அன்று, அந்த வருடத்துப் பக்கம் அடுத்த கட்டடத்தில் தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பத்தொன்பது நாள் முன்பே அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பக்கம். பரவாயில்லை, அடுத்த டைரியில் வரும் என்று நினைத்துக்கொண்டார். ஜனவரி பிறந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த டைரியின் பக்கம் ஜனவரி ஒன்றில்தான் தொடங்கும். இருபத்தாறு வருடம் அந்தப் பக்கத்தைப் பார்த்தவருக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. அவள் இரண்டு டைரிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டாள்.

இந்த வருடத்துப் பக்கத்தில், பதினொன்றரை மணிக்கு நாற்பத்தெட்டாவது வரியில் விரல் நின்றது. மூன்று பிழைகள். ப்ரூஃபை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடியது. நான்கு கட்டங்களில் நான்கு பேர் ஒரே நேரத்தில் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க. முடிஞ்சுதா?"

"ஒரு வரி சேக்கணும் மொதலாளி."

"எடமே இல்லன்னு கீர்த்திகா சொல்லுச்சே."

"ஒண்ண எடுத்துட்டுச் சேக்கலாம்."

"என்ன வரி?"

"சாத்தூர்ப் பக்கம் வெடி விபத்து. ஆறு பேரு."

"எந்த விபத்து?" என்றார் பாண்டிச்செல்வம். நிஜமாகவே கேட்டார். "வருசத்துக்குப் பத்து நடக்கு. நீங்க எதச் சொல்றீக?"

"அக்டோபர் ஒம்பது."

"அக்டோபர் இனிமேத்தான வரணும்."

"போன அக்டோபர்."

பாண்டிச்செல்வம் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "மாரித்தாயக்காவா?"

"ம்."

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லயா அண்ணாச்சி? எங்க கல்யாணப் பத்திரிகைய வாசிச்சது அவுகதான். ஆனா போன வருசம் போன வருசந்தான?"

"போன வருசப் பக்கத்துலயும் இல்ல."

"அதுக்கு யாரு என்ன செய்ய? இருவதாந் தேதி மூடுறது எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்கு." ஃபோனை நிமிர்த்தி மறுபடி கவிழ்த்தார். "அது போக, ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. இந்த டைரியில முக்காவாசி பட்டாசுக் கம்பெனிக்காரக ஆர்டர். வருசப் பிறப்புக்கு டீலருக்குக் குடுக்குறாக. அவன் தொறந்ததும் வெடி விபத்துன்னு இருந்தா எப்படி இருக்கும்? கல்யாண வீட்டுல போயி கருமாதிக் கார்டு நீட்டுன மாதிரி இருக்கும்."

காசிராஜன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வமும் பார்த்தார். முதலாளியின் விரல் ஒரு வரியில் நின்றது.

"இது என்ன, மார்ச் பன்னெண்டு, வடமாநிலத்தில் பட்டாசு விற்பனைக்குத் தடை? நல்லவேளை பாத்தேன். இதையும் எடுத்துருங்க. அந்த எடத்துல ஏதாவது நல்லதாப் போடுங்க. ராக்கெட் விட்டாகள்ல. பாலம் தொறந்தாகள்ல. நாலு மணிக்கு மெஷின் ஏறணும் அண்ணாச்சி. நான் மதுரைக்குப் போறேன். நீங்க பாத்துக்கிடுவீகள்ல?"

"பாத்துக்கிடுவேன்" என்றார் காசிராஜன். சொன்ன பிறகு அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தார். ஃபோனில் மார்ச் பன்னிரண்டைத் தேடினார். கிழக்கே எங்கோ ஒரு ஆற்றுப் பாலம் திறந்திருந்தார்கள். ஒரு வரிக்குச் சரியாக வரும். சிவப்புப் பேனாவால் தடை வரியை அடித்தார். தேதியை அடிக்கவில்லை. தேதிக்குப் பின்னால் இருந்ததை மட்டும்.

ஓரத்தில் 'புதிய பாலம்' என்று எழுதினார். பிறகு அதையும் அடித்தார்.

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், தெளிவாக எழுதினார்: விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து, 6 பேர் உயிரிழப்பு.

இருபத்தாறு வருடத்தில் அவர் பிழைகளை எடுத்திருக்கிறார். சில பிழைகளை விட்டிருக்கிறார். வைத்ததில்லை. மார்ச் பன்னிரண்டாம் தேதி எந்த ஆலையும் வெடிக்கவில்லை. அன்று அவள் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? முதலாளியே எந்த விபத்து என்றுதான் கேட்டார். இந்தப் பக்கத்தில் எந்த மாதத்தில் வைத்தாலும் அந்த வரி பொருந்தும்.

கீர்த்திகாவிடம் கொடுத்தார். திருத்தம் போடுகிறவள் வரியை வாசிக்கக் கூடாது, எழுத்தைப் பார்த்து அடிக்க வேண்டும், வாசித்தால் தன் இஷ்டத்துக்கு மாற்றத் தோன்றும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அவள் அப்படித்தான் அடித்தாள். கடைசியில் மட்டும் நின்றாள்.

"இது ஆறா எட்டா அண்ணாச்சி? ஒங்க ஆறு எட்டு மாதிரி இருக்கு."

"ஆறு."

"மார்ச்சுலயா நடந்துச்சு?" என்று திரையைப் பார்த்தாள். அவர் பேனாவின் மூடியைத் தேடினார். அது பேனாவின் பின்பக்கத்திலேயே இருந்தது. "ஆமா, இருக்கும்" என்றாள். "எங்க பெரியம்மா மக அப்பத்தான் வேலைக்குப் போவ மாட்டேன்னு வீட்டுல இருந்தா. பரீட்சை நேரம். ஆமா, மார்ச்சுதான்."

நடக்காத ஒன்றுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அதற்குப் பரீட்சை நேரம்கூட இருந்தது.

மூன்றரை மணிக்குப் பதினாறு பக்கமும் ஒரே தாளில், ஒரு ஃபாரமாக வந்தது. அதைக் கொண்டுவந்தவன் பிளேட் போடும் அய்யப்பன். மூலையில் காசிராஜன் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் அவன் பிளேட்டை மெஷினில் ஏற்றுவான். கீர்த்திகா டீக்குப் போயிருந்தாள். மெஷின் ஹாலில் சத்தம் நின்றிருந்தது. அந்தத் தாளுக்காக நின்றிருந்தது.

காசிராஜன் பேனாவை எடுத்தார்.

"இருங்க அண்ணாச்சி. தனியாவா பாத்தீக?" என்றான் அய்யப்பன். "கடைசி ஃபாரம். போன வருசம் கடைசி ஃபாரத்துலதான ஒரு பக்கத்தத் தலைகீழாப் போட்டு அம்புட்டுத் தாளும் வீணாப்போச்சு. மொதலாளி என்னையத்தான் வஞ்சாரு. நான் வாசிக்கேன், நீங்க பாருங்க. அஞ்சு நிமிசம்."

"ஒனக்கு எதுக்குல சிரமம்? பாத்தாச்சு."

"சிரமம் என்ன சிரமம்? மெஷின் நின்ன பெறகு எனக்கு என்ன வேலை?"

அவன் கீர்த்திகாவின் பையை எடுத்துத் தரையில் வைத்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பத்தொன்பது மாதமாக அதில் யாரும் உட்காரவில்லை. கால் ஒன்று ஆடியது. அது ஆடும் என்பதே காசிராஜனுக்கு மறந்திருந்தது. மாரித்தாய் அட்டை மடித்து வைத்து உட்காருவாள்.

அவர் ஆண்டு நிகழ்வுகள் பக்கத்தின் இன்னொரு பிரதியைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தார்.

அய்யப்பனுக்கு வாசிக்கத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டி, மூச்சு விட்டு, பாதிச் சொல்லில் நிறுத்தி வாசித்தான். கமா சொல்லவில்லை. காசிராஜன் தானே சொல்லிக்கொண்டார்.

"ஜனவரி பதினொண்ணு கூட்ட நெரிசல்…"

"கமா."

"பத்தொம்பது பேரு உயிரிழப்பு."

"புள்ளி."

அய்யப்பன் நிமிர்ந்து சிரித்தான். "எங்க மாரித்தாயி மதினி வீட்டுலயும் இப்படித்தான் பேசும். பால் வாங்கிட்டு வா, கமா, சீனி வாங்கிட்டு வா, புள்ளி." மறுபடி குனிந்தான். அவனும் அச்சங்குளம். மாரித்தாய்க்கு நாலு வீடு தள்ளி. அவன் மனைவி சோலையம்மாள் அதே ஆலையில், வெடித்த அறைகளுக்கு இரண்டு அறை தள்ளி இருந்தவள். ஓடி வந்துவிட்டாள். காது மட்டும் ஒன்று கேட்கவில்லை. இது காசிராஜனுக்குத் தெரியும். கீர்த்திகாவிடம் தாளைக் கொடுத்தபோது நினைவுக்கு வரவில்லை.

ஜனவரி முடிந்தது. தலைவர் கட்சி மாறினார். பிப்ரவரியில் ரயில் தடம் புரண்டது. விரல் கீழே வந்தது. விரலுக்கு அடியில் தாள் ஈரமானது.

"மார்ச் மூணு சட்டசபை கலைப்பு."

"புள்ளி."

"மார்ச் பன்னெண்டு. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே பட்டாசு ஆலையில்…"

அய்யப்பன் நிறுத்தினான்.

காசிராஜன் கமா சொல்லவில்லை. அங்கே கமா இல்லை. வெளியே டீக்கடைப் பக்கம் கீர்த்திகாவின் சிரிப்பு கேட்டது. அய்யப்பனின் உதடு ஓசையில்லாமல் வரியின் மிச்சத்தை வாசித்து முடித்தது. ஆறு என்ற இடத்தில் அவன் கண் நின்றது. பிறகு தேதிக்குத் திரும்பிப் போனது. நாற்காலிக் கால் ஒரு முறை ஆடி நின்றது.

அவனுக்கு உரக்கச் சொல்லிவிட வேண்டும் போல இருந்திருக்கலாம். ஆனால் அவன் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"சோலையம்மா மாசா மாசம் ஒம்பதாந் தேதி வெளக்கேத்துறா அண்ணாச்சி. இது மதினி செத்த தேதி இல்லையே. தேதியச் சொன்னா வரியவே எடுத்துருவாக, அதுவும் எனக்குத் தெரியும். மெஷின் நிக்குது. நீங்க சொல்லுங்க, இப்படியே போகட்டுமா?"